பேர் சொல்லாத சகோதரி

என் மனைவிக்காக நான் முதன்முதலில் வாய்விட்டு ஜெபித்தபோது, அது என் மனைவிக்காக என்று எனக்குத் தெரியாது. அந்த அறையில் முழங்காலிட்டிருந்த மற்ற எல்லோருக்கும் தெரியும். என் வீட்டு ஹால், நான் வாங்கி மாட்டிய ஃபேன், நான் விரித்துப்போட்ட பாய். அதில் உட்கார்ந்துகொண்டு என்னைத் தவிர அத்தனை பேரும் தெரிந்து வைத்திருந்தார்கள். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது துக்கம் அல்ல, கோபம்தான். அதனால் கோபத்தோடுதான் சொல்லப்போகிறேன். நிதானமாகச் சொல்லக்கூடிய ஆள் வேண்டுமென்றால் என்னிடம் வந்திருக்கக் கூடாது.

நான் ஒரகடத்தில் கார் பம்பர் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன். பெயிண்ட் அடித்து வருகிற பம்பரை வரிசையாக எரியும் டியூப் லைட்டுகளுக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பது என் வேலை. மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் சிவப்பு அட்டையைக் கட்டி ஓரம் வைத்துவிடுவேன். எங்கள் லைனுக்கு மேலே ஒரு போர்டு தொங்கும். பழுதை வாங்காதே, பழுதைச் செய்யாதே, பழுதை அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்பாதே என்று எழுதியிருக்கும். புதிதாகச் சேர்கிற டிரெயினிகளுக்கு அதைப் படித்துக் காட்டுவதே நான்தான். கீறல் விழுவது தப்பில்லை, தெரிந்தே தள்ளிவிடுவதுதான் தப்பு என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலித்திருக்கிறது.

என் மனைவியும் அதே கம்பெனியில் கேன்டீனில் இருந்தவள்தான். கூட்டு வைக்கிற இடத்தில் நிற்பாள். எல்லோருக்கும் ஒரு அப்பளம், எனக்கு இரண்டு. அதை வைத்து லைனில் பண்ணாத கிண்டல் இல்லை. அவள் பிள்ளைப்பாக்கம், கிறிஸ்தவக் குடும்பம். நான் மண்ணூர். எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் குன்றத்தூர் மலை ஏறி முருகனைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் சாப்பிட வந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே எங்களுக்குள் ஒரு பேச்சு. அவள் சபைக்குப் போகலாம், நான் தடுக்க மாட்டேன். என்னை அவள் இழுக்கக் கூடாது. பல வருஷம் அப்படியே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை அவளைச் சபை வாசலில் இறக்கிவிட்டுவிட்டு நான் கறி வாங்கப் போவேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. அதை எப்படிச் சொன்னாள் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு ஹாலுக்கு வந்தாள்.

“இன்னாங்க, இங்க இன்னாவோ கெட்டியா கீது. தொட்டுப் பாருங்க.”

அவ்வளவுதான். குளிக்கும்போது காலையில் தட்டுப்பட்டதை அன்று சாயந்திரத்துக்குள் எனக்குச் சொல்லிவிட்டாள். அவள் அம்மாவுக்குக் கூடச் சொல்லவில்லை, எனக்குத்தான் முதலில் சொன்னாள். பின்னால் நான் சண்டை போட்டபோதெல்லாம் அந்த ஈரக் கையைத்தான் நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அப்படிச் சொல்லத் தெரிந்தவளுக்கு இரண்டாம் முறை என்ன வந்தது?

ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது என்கிற ரேடியேஷன், எல்லாம் நடந்தது. பட்டவர்களுக்குத் தெரியும், படாதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது, அதனால் அதிகம் சொல்லவில்லை. தாளிக்கிற வாசனை அவளுக்கு ஆகாமல் போனது. கடுகு வெடித்தால் போதும், வாந்தி. ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே மாடிப்படிக்கு அடியில் வைத்துச் சமைத்தேன். மேல் வீட்டுக்காரர்கள் படியில் ஏறும்போதெல்லாம் என் குழம்பில் மண் விழும். ஆபரேஷனுக்குப் பிறகு இடது கையைத் தூக்க முடியவில்லை. விரல்களைச் சுவரில் வைத்து எறும்பு ஏறுகிற மாதிரி மேலே ஏற்றச் சொன்னார்கள். தினமும் நான் பக்கத்தில் நின்று, விரல் எட்டின இடத்தில் பென்சிலால் கோடு போடுவேன். ஹால் சுவரில் அந்தக் கோடுகள் வயிற்று உயரத்தில் ஆரம்பித்து அவள் தலைக்கு மேலே வரைக்கும் போயின. பிறகு சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தபோது அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னாள்.

நான் ஷிஃப்ட்டுக்குப் போகிற நேரத்தில் பார்த்துக்கொண்டது சபைப் பெண்கள்தான். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தர் கஞ்சி, ஒருத்தர் ரசம், ஒருத்தர் துணி துவைத்துப் போட்டுவிட்டுப் போவார். பாஸ்டருடைய மனைவி, நாங்கள் பாஸ்டரம்மா என்போம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் கொண்டுவருகிற டிபன் கேரியரில் எனக்கும் சேர்த்து இருக்கும். “பிரதர், நீங்க சாப்டாம கெடந்தா அவள யாரு பாக்கது?” என்பார். என் அம்மா எனக்கு அப்படிச் சோறு போட்டாள், அதற்குப் பிறகு அவர்தான். அவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டவன் நான். அதனால்தான் பின்னால் அவ்வளவு வலித்தது.

சிகிச்சை எல்லாம் முடிந்து, ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொன்ன வாரம் அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஒரு ஞாயித்துக்கெழம மட்டும் உள்ள வாங்க. நான் சாட்சி சொல்லணும். நீங்க பக்கத்துல நின்னா போதும்.”

சாட்சி என்றால் கோர்ட் சாட்சி இல்லை. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் எழுந்து நின்று சொல்வது. அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முழு சுகம் கிடைத்துவிட்டது என்று சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு அக்கா வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய், அப்போதுதான் சிகிச்சை முடிந்திருந்தது. “உன்னப் பாத்தாதான் எனுக்கு தெம்பா கீது,” என்று சொல்லி அழுதார். என் மனைவியும் அழுதாள். நான் அசடு மாதிரிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. யாரும் இழுக்கவில்லை, நானாகத்தான் போனேன். நன்றி என்று ஒன்று இருக்கிறது, அதை எங்கேயாவது கொண்டுபோய் இறக்க வேண்டியிருந்தது. என் அம்மா மட்டும், “குன்றத்தூர் முருகன் உனுக்கு இன்னாடா கொற வெச்சான்?” என்று கேட்டாள். அடுத்த வருஷம் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்கிறேன் என்று நானே பாஸ்டரிடம் சொன்னேன். ஒரு நாள் குறித்தார்கள். புருஷனுடைய மனசே மாறிவிட்டது என்று அவள் சாட்சியில் இன்னொரு பாகம் சேர்ந்தது. சபையில் என்னைக் காட்டிப் பேசாத ஞாயிறு இல்லை. எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சபைக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. அதில் என்னை முக்கி எடுத்த அன்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே அழுகை. பாஸ்டரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். என் மனைவி குலுங்கிக் குலுங்கி அழுதாள். சொட்டச் சொட்ட நின்றுகொண்டு நான் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டு ஜெபம் எங்கள் வீட்டுக்கு வந்தது. வாரம் ஒரு வீட்டில் கூடுவது எங்கள் சபை வழக்கம். ஜெபத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் குறிப்பு சொல்வார்கள்: பையனுக்குப் பரீட்சை, கம்பெனியில் பர்மனென்ட் ஆகவில்லை, மாமியாருக்குக் கண் ஆபரேஷன். வெளியில் சொல்ல முடியாத காரியமாக இருந்தால் பேர் சொல்லாமல், ஒரு சகோதரி, ஒரு சகோதரன் என்று மட்டும் சொல்வார்கள். யார் எவர் என்று யாரும் கேட்கக் கூடாது, ஆண்டவருக்குத் தெரியும் என்று ஜெபித்துவிட வேண்டும். அது நல்ல வழக்கம் என்று நானே என் அம்மாவிடம் பாராட்டிச் சொல்லியிருக்கிறேன். ஊர் வாயில் விழாமல் ஒருத்தருக்காக வேண்டிக்கொள்ளலாம் இல்லையா.

அன்று பாஸ்டரம்மா சொன்னார்: “ஒரு சகோதரிக்காக. பேர் வேண்டாம். சரீரத்துல பெலவீனம். திரும்பவும் ஒரு போராட்டம் வந்திருக்கு.” பிறகு என்னைப் பார்த்தார். “பிரதர், நீங்க புதுசா ஞானஸ்நானம் எடுத்திருக்கீங்க. இந்தக் காரியத்த நீங்களே ஜெபத்துல ஏறெடுங்க.”

அதுவரை நான் சத்தமாக ஜெபித்ததே இல்லை. ஆனால் ஆரம்பித்ததும் தானாக வந்தது. “ஆண்டவரே, அந்தச் சகோதரி யாருன்னு எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். அவங்க வூட்டுக்காரர நெனச்சிப் பாரும். ஆஸ்பத்திரி வராண்டாவுல நிக்கிறது எப்டின்னு எனக்குத் தெரியும். அந்த மனுஷனுக்குத் தைரியம் குடும். அவர் ஒடஞ்சி பூடக் கூடாது.” நான் மனசாரச் சொன்னேன். நான் பட்ட பாட்டை எல்லாம் நினைத்துக்கொண்டு, முகம் தெரியாத அந்த ஆளுக்காக உருகினேன். பக்கத்தில் என் மனைவி புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு விம்மினாள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். யாரோ ஒருத்தர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

தட்டிக் கொடுத்தார்கள். அதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மத்தியான வெயில், ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டிருந்தது. எங்கள் சபைக்கு வருகிற ஒரு தம்பி, அசெம்பிளி லைனில் இருப்பவன், எனக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தான். அவன் மனைவி வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போகிறவள்.

“அண்ணே, அண்ணிக்கு மறுபடியும் கீமோ எப்ப ஆரம்பிக்கிறாங்கோ?” என்றான்.

“அதெல்லாம் முடிஞ்சிப் போச்சேடா.”

“இல்லண்ணே, இப்ப கழுத்தாண்ட வந்துகீதே, அதுக்கு. எங்க வூட்டுல அண்ணிக்கோசரம் வெள்ளிக்கெழமயில பச்சத் தண்ணி குடிக்கிறதில்ல.”

அவன் மேல் தப்பே இல்லை. ஞானஸ்நானம் முடிந்துவிட்டது, இதற்குள் எனக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறான். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு விஷயம் விளங்கியது. “அண்ணே… உங்களுக்கு…” என்று இழுத்தான். என் ஸ்டாப்பிங் வந்தது, போனது. இறங்கத் தோன்றவில்லை. ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போய் இறங்கி ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தேன்.

வழியெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. தலைப்பை இடது தோள் மேல் இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டது. கட்டிலில் இடம் மாறிப் படுத்தது. செக்கப்புக்கு லீவு போடட்டுமா என்று கேட்டபோது, “வாணாம், பாஸ்டரம்மா கூட வராங்கோ,” என்றது. வந்து, “ஒண்ணும் இல்லயாம், ஆறு மாசம் கழிச்சி வரச் சொல்டாங்கோ,” என்று சொல்லிவிட்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தது. சுவரில் விரல் ஏற்றுவதை நிறுத்தியிருந்தது. பம்பரில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவன், வீட்டில் டீயைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் அவள் ப்ளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்ட பிறகு அந்தத் தையல் வேலைதான் செய்துகொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“தலைப்ப எடு.”

நிமிர்ந்து பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டுத் தலைப்பை விலக்கினாள். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில், எலும்புக்கு மேலே, புளியங்கொட்டை அளவுக்கு இரண்டு. தொட்டேன். கல் மாதிரி இருந்தன.

“எப்பலேருந்து?”

“குளுரு காலத்துலேருந்து.”

அப்போது சித்திரை வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

“டாக்டர் இன்னா சொன்னாரு?”

“உடனே ஆரம்பிக்கணும்னாரு. நான்தான் கொஞ்ச நாள் பொறுத்து வரேன்னு சொன்னேன். உங்க ஞானஸ்நானம் முடியட்டும்னு இருந்தேன்.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது, மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போகிற அளவுக்குக் கத்தினேன். ஊரே தெரிந்து வைத்திருக்கிறது, கட்டினவனுக்குத் தெரியாது, என்னை வைத்துக் கோமாளிக் கூத்து ஆடியிருக்கிறீர்கள் என்றேன். உனக்காக, நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, யாரோ எவளோ என்று என்னை ஜெபிக்க வைத்தீர்களே என்றேன். அவள் கொக்கிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“சாட்சி சொன்னவ நான். முழு சுகம்னு மைக்குல சொன்னவ. அந்தக்கா என் கையப் புடிச்சிக்கினு அழுதாங்கோ இல்ல? அவங்க இப்பகூட என்னப் பாத்துதான் எழுந்து நடமாடிக்கினு கீறாங்கோ. எனுக்கு திரும்பி வந்துட்ச்சினு சொன்னா அவங்க இன்னா ஆவாங்கோ?”

“அவங்கள வுடு. நான்?”

“நீங்க இப்பதான வந்தீங்க. திரும்பி வந்துட்ச்சினு தெரிஞ்சா வுட்டுட்டுப் பூடுவீங்கனு பயம்.”

“எத்த வுட்டுட்டு? சபையவா, உன்னயா?”

அவள் கடைசிக் கொக்கியையும் டப்பாவில் போட்டாள்.

நான் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன். சபையைத்தான் சொன்னேன் என்று அவள் சொல்லியிருந்தால் அன்றைக்கே பாதி ஆறியிருக்கும். அவள் டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள். மாடிப்படிக்கு அடியில் மண் விழுந்த குழம்பைக் கிண்டினவனைப் பற்றி, சுவரில் கோடு போட்டவனைப் பற்றி அவளுக்கு அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. வியாதியை மறைத்ததைவிட அது என்னை அதிகமாக அறுத்தது.

மறுநாள் பாஸ்டரம்மா வந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை, அவராக உட்கார்ந்தார்.

“நாங்க ஆஸ்பத்திரிக்குப் போவேண்டாம்னு சொல்லலியே பிரதர். நாந்தான ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனேன். உடனே ஆரம்பின்னு அவ கால்ல விழாத கொறையாச் சொன்னேன். அவ கேக்கல. உங்களுக்கு இடறல் ஆயிரும்னு பயந்தா. அப்போ நாங்களும் சரின்னுட்டோம்.”

இடறல் என்றால் விசுவாசத்தில் கால் தடுக்கி விழுவது. நான் விழுந்துவிடக் கூடாதாம். என் விசுவாசத்துக்கு அடிபடாமல் இருக்க என் பெண்டாட்டி கழுத்தில் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

“எனக்கு இடறல் ஆனா ஆவட்டும்மா. அவ உசுரு பெருசா, என் விசுவாசம் பெருசா?”

“நீங்க கேக்கது நியாயந்தான்,” என்றார். அவர் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. தப்பு செய்தவர்கள் கொஞ்சம் திமிராகவாவது இருந்திருக்கலாம், வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். சோறு போட்ட கை, அழுகிற முகம், இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஆஸ்பத்திரியில் டாக்டர் பழைய ஸ்கேனையும் புதிய ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “வீட்டுக்காரர் நீங்கதானே? ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க? நல்லா பரவியிருக்கு. அப்பவே ஆரம்பிச்சிருந்தா எங்களாலயும் இன்னும் கொஞ்சம் செய்ய முடிஞ்சிருக்கும்.” அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது சார், இவள் சொல்லவில்லை என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. “வேல சார்,” என்றேன். “லீவு கெடைக்கல.” டாக்டர் தலையை ஆட்டினார், இந்த ஆண்களே இப்படித்தான் என்கிற மாதிரி. வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். நான் உதறவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

மறுபடியும் கீமோ ஆரம்பித்தது. மறுபடியும் மாடிப்படிக்கு அடியில் ஸ்டவ். எல்லாம் செய்தேன். அவளுக்கு மோர் சாதம் பிசைந்து கொடுத்தேன், நார்த்தங்காயைச் சின்னதாகக் கிள்ளி வைத்தேன். பேச்சு மட்டும் வேண்டியதுக்கு மேல் இல்லை. முன்பு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒவ்வொரு கம்பெனி கேட்டையும் காட்டி இங்கே ஓ.டி. அதிகம், இங்கே கேன்டீன் மோசம் என்று பேசிக்கொண்டே போவோம். இப்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள், நான் எதிரே ரோட்டைப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவளைச் சபை வாசலில் இறக்கிவிட்டுவிட்டு மறுபடியும் கறி வாங்கப் போனேன்.

முறைப்படி வீட்டு ஜெபம் திரும்ப எங்கள் வீட்டுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன். “வரட்டும்ங்க,” என்றாள். அவளுக்காக ஒத்துக்கொண்டேன். இருட்டுகிற நேரம் எல்லோரும் வந்தார்கள். அந்தக் கர்ப்பப்பை அக்காவும் வந்திருந்தார். போன முறை அவர் வரவில்லை. அவருக்கு மட்டும் இன்னும் விஷயம் தெரியாது. அவர் காதுக்குப் போகாமல் எல்லோரும் கட்டிக் காத்திருந்தார்கள். என் மனைவி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு சுவரோரம், அந்தப் பென்சில் கோடுகளுக்குக் கீழே உட்கார்ந்தாள். மருந்துச் சூடு, முடி கொட்டுகிறது என்று அக்காவிடம் ஏதோ சொல்லி வைத்திருந்தாள். நான் ஹாலில் உட்காரவில்லை. சமையலறையில் டீ போட்டேன்.

குறிப்புகள் சொன்னார்கள். பரீட்சை, பர்மனென்ட், கண் ஆபரேஷன். பிறகு பாஸ்டரம்மாவின் குரல்.

“ஒரு சகோதரனுக்காக. பேர் வேண்டாம். மனசுல ஒரு கசப்பு. மன்னிக்க முடியாமத் தவிக்காங்க. ஆண்டவர் அவங்க உள்ளத்த ஆத்தணும்.”

டீத் தட்டோடு நான் சமையலறை வாசலில் நின்றேன். இந்த முறை எனக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் தட்டில் டீ தளும்பிக் கையில் கொட்டியது. தட்டைக் கீழே வைத்தேன்.

“அந்த சகோதரன் நான்தான்,” என்றேன். “கண்ணத் தொறங்கோ எல்லாரும். நான் இங்கதான் நின்னுகினு கீறேன். போன தபா சொன்னீங்களே ஒரு சகோதரி, அது இவதான். பேர் கீது எங்களுக்கு. பேர் சொல்லி வேண்டுறதுனா வேண்டுங்க. இல்லனா டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க.”

அந்த அக்கா என்னையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னா சொல்றாரு உங்க வூட்டுக்காரரு?” என்றார்.

என் மனைவி முக்காட்டை எடுத்துவிட்டாள். பிறகு தன் பேரைத் தானே சொன்னாள், சபையில் சாட்சி சொல்லும்போது சொல்கிற மாதிரி. “எனுக்குத் திரும்பியும் வந்துகீது அக்கா. கழுத்துல. குளுரு காலத்துலயே வந்துட்ச்சி. உங்ககிட்ட சொல்ல வாய் வர்ல.”

அக்கா அழுவார் என்று நினைத்தேன், எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“எனுக்கும் பொங்கல்லேருந்து இடுப்புல வலி தாயி,” என்றார். “நிக்க முடியல, குந்த முடியல. ரத்தம் கூட கொஞ்சம் படுது. உனுக்கு முழு சுகம் குடுத்தவர் எனுக்கும் குடுத்திருப்பாரு, நாமதான் சந்தேகப்படுறோம்னு யார்கிட்டயும் சொல்லாம கீறேன்.”

என் மனைவியின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. அந்த அக்கா உடைந்துவிடக் கூடாது என்றுதான் அவள் மறைத்தாள். அவள் மறைத்ததால்தான் அந்த அக்காவும் மறைத்தார். எங்கள் லைனில் தொங்குகிற போர்டு எனக்கு ஞாபகம் வந்தது. பழுது அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

“அண்ணனுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். அவர் புருஷன் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி, சபைக்கு வராதவர்.

“ஐயோ, அவருக்குத் தெரியாது. பயந்துக்குவாரு. யாரும் அவர்கிட்ட சொல்லிடாதீங்கோ.”

பாஸ்டரம்மா என்னைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஜெபித்தார், இரண்டு பேர் பேரையும் சொல்லி. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வரவில்லை. பைக் சாவியை எடுத்தேன்.

“வாக்கா, வூட்டுல வுட்டுட்டு வரேன்,” என்றேன்.

வாசல் வரைக்கும் என் மனைவி வந்தாள். “இன்னும் கோவமா?” என்றாள்.

“ஆமா.”

“எம்மேலயா, சபை மேலயா?”

“உம்மேல.”

தலையை ஆட்டினாள். “நாளைக்கு அக்காவையும் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாமா?” என்றாள். சரி என்றேன்.

அக்காவின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அவர் புருஷன் யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து கேட்டைத் திறந்தார். “ஜெபம் முடிஞ்சிட்ச்சா? வா தம்பி, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ,” என்றார். ஒன்றும் தெரியாத முகம். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

அக்கா இறங்கி நின்றுகொண்டு, நீ போ என்கிற மாதிரி எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் வண்டியை ஆஃப் செய்து ஸ்டாண்டு போட்டேன்.

“அக்கா உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம் அண்ணே,” என்றேன். அக்கா வாயைத் திறக்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.